அப்பாவின் வீட்டை நான் கிரயம் வாங்கிய கதை: பத்திரம் எழுதித் தந்த அண்ணாச்சியைப் பற்றி

பாளையங்கோட்டையில் அப்பாவும் அம்மாவும் குடியிருக்கும் வீட்டை 2024 ஜூன் மாதம் நான் விலை கொடுத்து வாங்கினேன். 4 சென்ட் மனை, 1994இல் கட்டிய ஓட்டு முகப்பு வைத்த கான்கிரீட் வீடு, பின்னால் ஒரு கிணறு. வெளியில் விற்றால் 45 லட்சம் வரை போகும் என்று இரண்டு புரோக்கர்கள் சொன்னார்கள். அப்பா எனக்கு 30 லட்சத்துக்குக் கொடுத்தார்.

இந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்துத் தந்தவர், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருக்கும் உரிமம் பெற்ற பத்திர எழுத்தர். எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்றே சொல்கிறேன். பதிவு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பட்டா மாறி, வரி மாறி, அப்பாவின் வருமான வரிக் கணக்கும் தாக்கல் ஆன பிறகு, எதுவும் திரும்பி வந்து கடிக்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் நானும் அப்பாவும் போனபோது அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, "கிரயம் எதுக்கு? செட்டில்மென்ட் எழுதலாமே?" என்பதுதான். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். தான செட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் எழுதிக் கொடுப்பது என்றால் குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையிலிருந்து இதுதான் கணக்கு. எங்கள் வீட்டின் வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை) கட்டடத்தோடு சேர்த்து ஏறக்குறைய 24 லட்சம் என்பதால், 34,000 ரூபாயில் வேலை முடிந்துவிடும். கிரயம் என்றால் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மகளாக இருந்தாலும் சலுகை கிடையாது. 30 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய்.

"ரெண்டே முக்கால் லட்சத்தைக் கவர்மெண்டுக்குக் கட்டிட்டு வாங்கணுமான்னு வீட்ல பேசிட்டு வாங்கம்மா. நான் எதை எழுதினாலும் எனக்குக் கூலி உண்டு" என்று அனுப்பிவிட்டார்.

நாங்கள் பேசினோம். அப்பாவுக்குக் கையில் பணம் வேண்டியிருந்தது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து 2008இல் ஓய்வு பெற்றவர், 74 வயது. ஓசூரில் இருக்கும் தம்பிக்குத் தன் காலத்திலேயே அவன் பங்காக ஒரு தொகை கொடுத்துவிட வேண்டும், தங்கள் இருவரின் மருத்துவச் செலவுக்கு யாரிடமும் கேட்காமல் இருக்க ஒரு தொகை வேண்டும் என்பது அவர் எண்ணம். செட்டில்மென்ட் எழுதினால் அவருக்கு ஒரு பைசா வராது. அதற்குப் பிறகு நான் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிக் கொடுக்கலாம்தான், ஆனால் வீட்டுக் கடன் வட்டியைவிட அந்த வட்டி கூடுதல். அதோடு அப்பா வேறொன்றும் சொன்னார்: "நான் உனக்குச் சும்மா தந்தேன்னு நாளைக்கு உன் தம்பி பொண்டாட்டி நினைக்கக் கூடாது. நீ காசு குடுத்து வாங்குனேன்னு பேப்பர்ல இருக்கட்டும்."

சரி, கிரயம்தான் என்று திரும்பிப் போனோம். அன்றுதான் அண்ணாச்சி என்னை வெளியே போகச் சொன்னார்.

"தப்பா நினைக்காதம்மா. அப்பாட்ட தனியா ரெண்டு வார்த்தை பேசணும்." எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிடம் ஆனது. அடுத்த வாரம் அம்மாவையும் வரச்சொல்லி அதே போலத் தனியாகப் பேசினார். வீடு அப்பா பெயரில்தான் இருக்கிறது, அம்மாவின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. இருந்தாலும் கேட்டார். என்ன கேட்டார் என்று வீட்டுக்கு வந்து அம்மா சொன்னாள். "இந்த விலைக்கு உங்களுக்குச் சம்மதந்தானா? யாரும் நெருக்கலையே? வித்த பிறகு நீங்க எங்க இருப்பீங்க? மகளுக்கும் உங்களுக்கும் ஒரு மனஸ்தாபம் வந்தா எங்க போவீங்க?" இதையெல்லாம் பெற்ற தாய் தகப்பனிடம் நான் எப்படிக் கேட்டிருப்பேன்? கேட்டிருந்தாலும் என்னிடம் உண்மையைச் சொல்லியிருப்பார்களா? அவர் வாங்கிய கூலிக்கு இந்த ஒரு காரியமே போதும் என்று நினைக்கிறேன்.

வயதானவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு சோறு போடாமல் விடும் வீடுகளை அவர் நிறையப் பார்த்தவர். பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டு அதைச் செய்யாவிட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆவது பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம், அதற்குக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும் என்பதை என் முன்னாலேயே அப்பாவுக்குச் சொன்னார். எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தபோது, அதை என் முன்னால் சொன்னதுதான் முறை என்று பட்டது.

அடுத்தது வில்லங்கம். சொத்தின் மேல் பதிவான அடமானம், விற்பனை எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்கும் மேல் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தார். அப்பா 1993இல் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் மனையை அடமானம் வைத்துக் கடன் வாங்கியது அதில் அப்படியே நின்றது. கடன் 2006இலேயே அடைந்துவிட்டது, தாய்ப்பத்திரமும் திரும்ப வாங்கியாயிற்று. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை அன்று யாரும் பதிவு செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவும் இல்லை. பதிவேட்டின்படி பதினெட்டு வருடமாக எங்கள் வீடு அடமானத்திலேயே இருந்திருக்கிறது. இந்த நிலையில் எந்த வங்கியும் கடன் தராது.

அப்பா அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். உள்ளே சங்கத்தின் பழுப்பு நிறப் பாஸ்புத்தகம். பதின்மூன்று வருடத் தவணையும் வரிசையாக இருந்தன. மை நீலம், கறுப்பு, பச்சை என்று மாறி மாறி, ஒவ்வொரு வரியின் முடிவிலும் குமாஸ்தாவின் சுருக்கக் கையெழுத்து. 2004இல் மூன்று மாதம் காலியாக இருந்தது, நான்காவது மாதம் அபராத வட்டியோடு மொத்தமாகக் கட்டியிருந்தார். அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. அண்ணாச்சியின் மேசையில் வைத்துத்தான் அந்தப் பக்கத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பி, கடைசியில் வட்ட முத்திரையோடு 'கணக்கு முடிக்கப்பட்டது' என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டினார்.

சங்க அலுவலகம் இடம் மாறியிருந்தது. பழைய பேரேட்டைத் தேடி எடுக்க ஆளில்லை என்று சொல்லிச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணாச்சி இரண்டு முறை அப்பாவோடு பஸ்ஸில் போனார். சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவரைச் சார்பதிவாளர் முன் வரவழைத்து ரசீதைப் பதிவு செய்ய 47 நாள் ஆயிற்று. போய் வந்த இரண்டு நடைக்கும் அவர் தனியாகக் கூலி கேட்கவில்லை. இதைப் படிப்பவர்கள் வீட்டில் எப்போதோ அடைத்த கடன் ஏதாவது இருந்தால், வில்லங்கச் சான்றை இன்றே இணையத்தில் போட்டுப் பாருங்கள். அப்பா அம்மா நடமாட்டத்தோடு இருக்கும்போது இதைச் சரிசெய்வது எவ்வளவோ எளிது.

வங்கி விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. முதலில் போன வங்கியின் மேலாளர், ரத்த சொந்தத்துக்குள் நடக்கும் கிரயத்துக்குக் கடன் தருவதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பணம் சுற்றி உங்களிடமே வந்துவிடும் என்பது அவர் சந்தேகம். நான் தனியார் பள்ளியில் பதினாறு வருடமாகக் கணக்கு டீச்சர். இவரை ஏமாற்றவா வந்திருக்கிறேன் என்று கண் கலங்கிவிட்டது. இரண்டாவது வங்கி ஒத்துக்கொண்டது. அவர்களின் மதிப்பீட்டாளர் வந்து அளந்து 43 லட்சம் என்று எழுதினார். அப்படியானால் விலையில் அப்பா விட்டுக்கொடுத்த 13 லட்சத்தை என் பங்குப் பணமாக வைத்துக்கொண்டு 30 லட்சமும் கடனாகத் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மதிப்பீடு, பத்திர விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் கடன். 30 லட்சத்தில் 80 சதவீதம், 24 லட்சம் தந்தார்கள். மீதி 6 லட்சமும் பதிவுச் செலவும் என் கையிலிருந்து போக வேண்டும். 20 வருடம், 8.5 சதவீதம், மாதம் 20,828 ரூபாய். அண்ணாச்சி இதை முதல் நாளே சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை.

இந்த நேரத்தில் சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். வழிகாட்டி மதிப்பு 24தானே, பத்திரத்தை 24க்கு எழுதி மீதி 6 லட்சத்தைக் கையில் கொடுத்தால் 54,000 ரூபாய் மிச்சம் என்று. அண்ணாச்சி அசையவில்லை. "24க்கு எழுதுனா வங்கி 24ல தான் எண்பது பர்சன்ட் தரும். அப்பாவுக்கு வந்த ஆறு லட்சத்துக்குக் கணக்கு என்ன சொல்லுவாரு? வீடு கிரயத்துல இருபதாயிரமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கவே கூடாது. நான் நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன்." வங்கி காசோலை எண், என் கணக்கிலிருந்து போன பரிமாற்ற எண், தேதி எல்லாம் பத்திரத்தில் ஏறின. அந்தப் பணம் திரும்ப என் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது என்றும் சொல்லி வைத்தார். இன்றுவரை வரவில்லை.

விலை குறைவாக வாங்குகிறோமே, வருமான வரியில் மாட்டுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. அண்ணாச்சி ஓரளவு விளக்கிவிட்டு, இது ஆடிட்டர் வேலை என்று வேறிடம் அனுப்பினார். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வரித்துறை பார்ப்பது சந்தை விலையை அல்ல, வழிகாட்டி மதிப்பை. எங்கள் விலை அதற்கு மேலே இருந்ததால் அப்பாவுக்குப் பத்திரத்தில் உள்ள 30 லட்சமே கணக்கு. அதற்குக் கீழே, 10 சதவீதத்துக்கும் மேல் இறங்கியிருந்தால், வழிகாட்டி மதிப்புக்கே விற்றதாக வைத்து அவருக்கு ஆதாய வரி (விற்ற லாபத்துக்கான வரி) போட்டிருப்பார்கள். வாங்குகிறவருக்கு, உறவினரிடமிருந்து வாங்கினால் அந்த வித்தியாசம் வருமானமாகச் சேராது. 50 லட்சத்தைத் தொட்டிருந்தால் அப்பாவாகவே இருந்தாலும் நான் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டியிருக்க வேண்டும், எங்களுக்கு அந்த வேலை வரவில்லை.

ஆனால் அப்பாவுக்கு மூலதன ஆதாயம் வந்தது. 2001 ஏப்ரல் மதிப்பாக 4,20,000 எடுத்து, பணவீக்கக் குறியீடு 363இன்படி 3.63ஆல் பெருக்கி, அதை விலையிலிருந்து கழித்தபோது ஆதாயம் பதினான்கே முக்கால் லட்சம். 20 சதவீத வரி என்றால் ஏறக்குறைய மூன்று லட்சம். இதை எங்களில் யாரும் எதிர்பார்க்கவே இல்லை. மகளுக்கு விலையைக் குறைத்துக் கொடுத்ததற்கு மேல் அப்பா இதையும் கட்ட வேண்டுமா என்று எனக்குத் தூக்கமே போயிற்று. ஆறு மாதத்துக்குள் அரசு நிறுவனக் கடன் பத்திரத்தில் போட்டால் வரி இல்லை என்று ஆடிட்டர் வழி சொன்னார். 15 லட்சத்தை அதில் போட்டார் அப்பா. ஐந்து வருடம் எடுக்க முடியாது, வட்டி 5.25 சதவீதம்தான். 10 லட்சம் தம்பிக்கு. 5 லட்சம் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்பில். நாங்கள் பதிவு செய்து ஒரு மாதத்தில், 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆதாயக் கணக்கே மாறிவிட்டது. இப்போது செய்பவர்கள் விலை பேசும் முன்னாலேயே ஆடிட்டரிடம் உட்கார்ந்துவிடுங்கள்.

தம்பி விஷயம். வீடு அப்பாவின் சுயார்ஜிதம், அவர் சம்பளத்தில் வாங்கியது. பூர்வீகமாக இருந்தால் தம்பியும் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும், இதற்குத் தேவையில்லை. ஆனாலும் அண்ணாச்சி அவனைச் சாட்சியாகப் போடச் சொன்னார். "சட்டத்துக்கு வேண்டாம்மா. தீபாவளிக்கு எல்லாரும் ஒரு வீட்ல உக்காந்து சாப்பிடணும்லா, அதுக்கு." 2016இல் அவன் ஓசூரில் ஃபிளாட் வாங்கியபோது அப்பா 8 லட்சம் கொடுத்தது அவனுக்கும் நினைவிருந்தது. ஒரு நாள் லீவு போட்டு, இரவு பஸ்ஸில் வந்து கையெழுத்துப் போட்டான்.

பதிவுக்கு முந்தைய மாலை அண்ணாச்சி முழுப் பத்திரத்தையும் உரக்க வாசித்தார். பதினோரு பக்கம். "தங்களுக்கு நான் எழுதிக் கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம்" என்று ஆரம்பித்து, "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று போனது. அப்பா என்னைத் 'தாங்கள்' என்று சொல்வது போன்ற வாசகம். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். எழுதிக்கொடுப்பவரின் சொந்த மகள் என்று உறவையும் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார். மறைத்தால்தான் பின்னால் கேள்வி வரும் என்றார். நான்கெல்லை வாசிக்கும்போது அப்பா கையை உயர்த்தினார். தட்டச்சு செய்த பையன் கிழக்கையும் மேற்கையும் மாற்றிப் போட்டிருந்தான். "கிழக்கே ஓடை, மேற்கேதான் வாத்தியார் வீடு" என்றார் அப்பா. உடனே திருத்தி அந்தத் தாளை மாற்றினார்கள். கீழ்மேல் 36 அடி, தென்வடல் 48½ அடி, கிணறு, மின் இணைப்பு, பின்வாசல் நடைபாதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். இப்படி வாசிக்காமல் விட்டிருந்தால், பின்னால் பிழைதிருத்தல் பத்திரம் என்று அப்பாவை மறுபடி அழைத்துக்கொண்டு அலைந்திருப்பேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தட்டச்சில் இவ்வளவு பெரிய பிழை வரக் கூடாது. வங்கிக்காகப் பத்திரங்களை ஒப்படைத்ததற்கு ஒரு ஆவணம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்கும் தீர்வை, கட்டணம் உண்டு என்பதை அவர் கடைசி வாரம்தான் சொன்னார். அந்தப் பணத்துக்கு நான் தோழியிடம் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று. முகூர்த்த நாளில் போன் எடுக்கவே மாட்டார். அறையில் இரண்டே நாற்காலி, மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலியோடு வரும் என் அம்மா போன்றவர்களுக்குச் சிரமம். மொத்தக் கூலி 12,000 ரூபாய். அதே தெருவில் 7,000க்கு எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ரசீது வேலைக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இது அதிகமாகத் தெரியவில்லை.

தீராமல் நின்ற ஒரு விஷயம் உண்டு. அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க இந்த வீட்டில் இருக்கலாம் என்று பத்திரத்திலேயே ஒரு வரி போட அண்ணாச்சி விரும்பினார், நானும்தான். வங்கியின் வக்கீல் அதை எடுத்தால்தான் கடன் என்றார். தவணை தவறினால் வீட்டை ஏலம் விட அவர்களுக்குத் தடையாகிவிடுமாம். வேறு வழியில்லாமல் எடுத்தோம். அன்று அப்பா "பரவாயில்ல, நீ இருக்கேல்லா" என்றார். நான் இருக்கிறேன், சரி. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அதற்கு அண்ணாச்சி சொன்ன வழியைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். கடன் தொகைக்கு ஈடாக ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்று. நாங்களும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஆவணியில் அங்கேயே குடிவந்துவிட்டோம், முன்னறை அப்பா அம்மாவுக்கு. மீதமிருப்பது உயில். எனக்குப் பிறகு வீடு பிள்ளைகளுக்கு, ஆனால் அப்பா, அம்மா இருவரில் யார் இருந்தாலும் அவர்கள் காலம் வரை முன்னறையும் சமையலறையும் கிணற்றடியும் அவர்களுடையது என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். கிணற்றடியைச் சேர்க்கச் சொன்னது அம்மா. என் வீட்டுக்காரரும் படித்துப் பார்த்துச் சரி என்றார். வரைவு வந்துவிட்டது, வரும் புதன்கிழமை அண்ணாச்சியிடம் போகிறோம். இந்த முறை நான் மட்டும் உள்ளே போய்த் தனியாகப் பேச வேண்டுமாம். அப்பாதான் எதிர்க்கடையில் நிற்க வேண்டும்.